தென்கரையில் இரண்டு அங்குலம்

பாலத்தின் பாதியைத் தாண்டியதும் கெரொடின் ஜீப் குற்றவாளி ஆனது.

மர்ரே ஆற்றுக்கு வடகரையில், ஸ்பிரிங்கை மாற்றி ஜீப்பை மூன்று அங்குலம் வரை உயர்த்திக்கொள்ளலாம். தென்கரை வேறு மாநிலம், அங்கே இரண்டுதான். ஆறு தனக்கு எதுவும் தெரியாது என்பதுபோல் நடுவில் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு மாநில மந்திரிகளுக்கும் கெரொட் எழுதிப் பார்த்துவிட்டான். மற்றவருக்கு எழுதும்படி இருவருமே மிக மரியாதையாகப் பதில் போட்டிருந்தார்கள்.

இனி பிடிபட வேண்டியதுதான். 'இந்த வண்டி ஓடக் கூடாது' என்று போலீஸ் ஒட்டும் மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்று கண்ணாடியில் விழுந்துவிட்டால் போதும். கோர்ட்டில் ஏறி, எந்தக் கரை சொல்வது சரி என்று கேட்டுவிடலாம். ஸ்டிக்கர் இல்லாமல் வழக்கு இல்லை என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

பின்னால் அவனுடைய ஜீப் சங்கத்து நண்பர்களின் வண்டிகள் ஹார்ன் அடித்துக்கொண்டு வரிசையாக வந்தன. எல்லாவற்றிலும் 'ஒரே ஜீப், ஒரே சட்டம்' என்று சங்கத்து ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

கிளம்பும் முன் வடகரையில், யூக்கலிப்டஸ் மரத்தடியில் வைத்து ஒட்டியது. அங்கே ஆளில்லாமல் ஒரு பச்சை ஜீப்பும் நின்றது. இருந்ததிலேயே அதுதான் உயரம்.

"எவன்டா இவன், நம்ம எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டுட்டான்" என்று கெரொடின் கூட்டாளி டூலி பொறாமையோடு அதிலும் ஒன்றைக் கோணலாக அறைந்துவிட்டு வந்திருந்தான்.

தென்கரை முனையில் சார்ஜென்ட் ட்ரூடி ஹாலரன் கையைக் காட்டினார்.

"என்னண்ணே, ஊர்வலமா?"

"என் ஜீப்பு சட்டவிரோதம் மேடம். அளந்து பாருங்க." கெரொடின் பல்லெல்லாம் தெரிந்தது.

சார்ஜென்ட் குனிந்து, பின்சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு வரை டேப்பை இழுத்தார். போனில் கம்பெனி அளவைப் பார்த்தார். மறுபடியும் இழுத்தார்.

"ஒண்ணே முக்கால்தான் தூக்கியிருக்கு. சட்டத்துக்குள்ளதான் இருக்கீங்க. போயிட்டு வாங்க."

ஹார்ன்கள் ஒன்றொன்றாக அடங்கின.

"மூணு அங்குலம் மேடம்" என்றான் கெரொட். "என் கையால மாட்டின ஸ்பிரிங்கு."

சார்ஜென்ட் பின்கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார்.

உள்ளே ஃப்ரிட்ஜ். இரண்டு தண்ணீர் கேன். கறி சுடும் இரும்புத் தட்டு, ஒரு சுமை விறகு, சங்கிலி, மண்வெட்டி. கூரையில் கூடாரம். கெரொடின் வீடு பாலத்துக்குப் பக்கத்துத் தெரு. ஆனால் சங்கத்துக்காரர்கள் பால் பாக்கெட் வாங்கப் போனாலும், பாலைவனத்தில் ஒரு வாரம் மாட்டிக்கொண்டால் என்ன வேண்டுமோ அதையெல்லாம் ஏற்றிக்கொண்டுதான் போவார்கள்.

"இறக்குடா மாப்ள" என்றான் கெரொடின் பக்கத்து சீட்டில் நாயோடு உட்கார்ந்திருந்த டூலி.

சங்கமே ஓடி வந்தது. கைமாற்றிக் கைமாற்றி இறக்கினார்கள். யாரோ விறகை எண்ணாமல் ஆற்றோரம் எறிந்தார்கள். கூரையிலிருந்து கூடாரம் இறங்கியது. ஒட்டகம் எழுந்திருப்பதுபோல் ஜீப்பின் பின்பக்கம் மெல்ல எழுந்தது.

கடைசியாக டூலியின் நாய் இறங்கியது. பிறகுதான் யாருக்கோ தோன்றி டூலியையும் இறக்கினார்கள்.

சார்ஜென்ட் டேப்பை இழுத்தார். ஆற்றோரத்தில் வாத்துகள்கூட சத்தம் போடவில்லை.

"மூணு."

ஃபுட்பால் கோப்பை ஜெயித்த மாதிரி பாலமே அதிர்ந்தது. யாரோ கெரொடைத் தோளில் தூக்கினார்கள். யாரோ அழுதார்கள். அது கெரொட்தான்.

சார்ஜென்ட் மஞ்சள் ஸ்டிக்கரைக் கண்ணாடியின் ஓரத்தில் வைத்து, தலையைச் சாய்த்துப் பார்த்து, கட்டைவிரலால் நீவி ஒட்டினார். நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது.

"இனி இந்த ஜீப்பு இங்கேருந்து நகரக் கூடாது" என்றார். கொஞ்சம் யோசித்தார். "சாமானைத் திரும்ப ஏத்தினா நகரலாம்னு நினைக்கிறேன். எனக்கே சரியாத் தெரியலண்ணே. கோர்ட்ல கேட்டுச் சொல்லுங்க."

அவருக்கு வேலை முடியும் நேரம். தொப்பியைக் கழற்றிக்கொண்டு பாலத்தில் வடக்கே நடக்கத் தொடங்கினார்.

"நடந்தா போறீங்க மேடம்?"

"தினமும் நடைதான். வேற வழி?"

இறக்கிய சாமான்களுக்குள் பைனாகுலர் இருந்தது. சும்மாதான் டூலி அதை எடுத்துக் கண்ணில் வைத்தான். பிறகு கெரொடிடம் நீட்டினான்.

அக்கரையில், யூக்கலிப்டஸ் மரத்தடியில், சார்ஜென்ட் பச்சை ஜீப்பின் முன் சாவியோடு நின்றுகொண்டிருந்தார். கோணலாக ஒட்டிய ஸ்டிக்கரைப் படித்தார். நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பி மெதுவாகப் பிய்த்தார்.

கெரொட் பைனாகுலரைக் கண்ணோடு இன்னும் அழுத்தினான்.

அவர் தலையைச் சாய்த்துப் பார்த்து, கட்டைவிரலால் நீவி, அதை நேராக ஒட்டினார்.