மூன்று மாதத்தில் இளைத்தவன்

வயிற்றை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளச் சொன்னார் போட்டோக்காரர். அண்ணன் தள்ளினார்.

சுவரில் வெள்ளைத் துணி அடித்திருந்தது. அதன் முன்னால் சட்டையில்லாமல், மூச்சை விட்டு, வயிற்றைத் தொங்கப்போட்டு நின்ற அந்த ஐம்பது வயது மனிதரை நாலு பேர் சாவகாசமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் கூடப்பிறந்த தம்பி.

தம்பிக்குக் கிடங்கில் மூட்டை தூக்கும் வேலை. அண்ணனுக்கு எடைமேடையில் நாற்காலி வேலை. ஒரே மூக்கு, ஒரே காது, வழுக்கைகூட ஒரே இடத்தில். கழுத்துக்குக் கீழேதான் வேறு வேறு ஆள்.

அதைத்தான் மாத்திரைக் கம்பெனிக்காரர் போன வாரம் கண்டுபிடித்துவிட்டார். 'முன்பு' என்று ஒருவர், 'பின்பு' என்று ஒருவர். ஒரு வாரக் கூலி தருகிறேன் என்றார். சும்மா சாப்பிட்டுப் பாருங்கள் என்று இரண்டு டப்பா மாத்திரையும் கொடுத்தனுப்பினார்.

பொய்க்காகச் சட்டையைக் கழற்ற மாட்டேன் என்று அண்ணன் முரண்டு பிடித்தார். பொய்யெல்லாம் இல்லை, நல்ல மருந்துதான் என்று தம்பிதான் பேசிப் பேசிக் கரைத்து அழைத்து வந்தான்.

அண்ணனின் தொப்புளைச் சுற்றி இன்சுலின் ஊசி குத்திய நீலப் புள்ளிகள். போட்டோக்காரர் குனிந்து பார்த்து, கம்ப்யூட்டரில் அழித்துவிடலாம் என்றார், சுவரில் ஏதோ கறை என்பதைப் போல.

சர்க்கரைக்கு ஏற்கெனவே ஒரு கால்விரலைக் கொடுத்தவர் அண்ணன். ஊசியை விட்டால் அடுத்தது பாதம்தான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

கால் படத்தில் வராது, கவலை வேண்டாம் என்றார் போட்டோக்காரர்.

தம்பி அண்ணனின் சட்டையை எடுத்து நீட்டினான்.

பிறகு அவன் முறை. மார்பிலும் கையிலும் எண்ணெயை வழித்துப் பூசினார்கள், விற்கிற பழத்தைத் துடைத்துப் பளபளப்பாக்குவதுபோல. மூட்டை அழுத்தித் தோளில் காய்த்துப்போன இடத்தையும் அழித்துவிடலாமாம்.

கம்பெனிக்காரர் பக்கத்தில் நின்று பாடம் நடத்தினார். தசை வேலை செய்தால் அதிலிருந்து ஒரு ஹார்மோன் சுரக்கிறதாம். அது ரத்தத்தில் போய்க் கொழுப்பை எரியச் சொல்கிறதாம், சர்க்கரையை இறக்கப் பார்க்கிறதாம். அதுவரைக்கும் படித்தவர்கள் சொன்னது. அதற்கு மேல் அவர் சொந்தச் சரக்கு: அந்த ஹார்மோனையே மாத்திரைக்குள் அடைத்துவிட்டாராம். இனி யாரும் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவே வேண்டாமாம்.

வாய் கூசவில்லை மனிதருக்கு.

மாத்திரைக்குள் என்ன இருக்கிறது என்று தம்பிக்குத் தெரியும். அந்தக் கம்பெனிக்கு மாவு மூட்டை இறக்கியது அவன் தோள்தான். மாவைத் தவிர வேறெதையும் அவன் அங்கே இறக்கியதில்லை.

அப்படியென்றால் தம்பி உடம்பில் அது ஊறிக் கிடக்குமே, தினமும் ஒரு டம்ளர் கறந்து கொடுத்தால் போதுமே என்றார் அண்ணன், சட்டைப் பொத்தானைப் போட்டபடி. எல்லாரும் சிரித்தார்கள். விளக்குச் சூட்டில் எண்ணெயும் வியர்வையும் கலந்து புளித்த நாற்றம் தன் மேலிருந்துதான் வருகிறது என்பது தம்பிக்கு அப்போதுதான் உறைத்தது.

இரண்டு படத்தையும் திரையில் பக்கம் பக்கமாக வைத்தார்கள். பெற்றவளே வந்து பார்த்தாலும் இரண்டும் ஒரே மகன் என்றுதான் சொல்லியிருப்பாள்.

அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குக் கிட்டே போனார். வெகுநேரம் பார்த்தார்.

“இந்த ஆளுக்கு எத்தனை மாசத்துல சார் இப்படி ஆச்சு?”

கேலி என்று நினைத்து, அவர் சிரிப்பதற்காகத் தம்பி காத்திருந்தான். அவர் சிரிக்கவில்லை.

மூன்று மாதம் என்றார் கம்பெனிக்காரர், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

அண்ணன் தலையாட்டிக்கொண்டார்.

படி இறங்கும்போது அவர் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டார். அண்ணி காதுக்குப் போகக் கூடாது என்று முதலில் சத்தியம் வாங்கினார். அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“நாலு நாளா ஊசி போடலடா. மாத்திரை மட்டுந்தான். நல்ல மருந்துன்னு நீயே சொன்னப்புறம் நான் வேற யாரைப் போய்க் கேக்கப் போறேன்?”