ஸ்ட்ரிக்ட்லி ஃபர்பிடன்

மகாபலிபுரத்துக்குப் பக்கத்தில் புதுசாய் வந்த ரிசார்ட், ஊரார் கடலுக்குப் போகிற பாதையில் 'நாட் அலவ்டு' என்று போர்டு நட்டது. சாலமோன் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு அதைத் தாண்டிப் போனான். அடுத்து 'புரோஹிபிட்டட்' வந்தது. அதையும் தாண்டினான். கடைசியில் சிவப்பு எழுத்தில் 'ஸ்ட்ரிக்ட்லி ஃபர்பிடன்'.

மேனேஜர் பரணிதரன் மறித்தார். “எத்தினி போர்டுதான் வைக்கிறது? உனக்குப் படிக்கத் தெரியாதா?”

“தெரியாது சார். கடலுக்குப் போகத்தான் தெரியும்.”

மறுநாள் காலை ரிசார்ட்டிலிருந்து கடலில் குளிக்கக் கிளம்பிய வெள்ளைக்காரர்கள், பின்வாசலோடு நின்று முணுமுணுத்துவிட்டு ரூமுக்கே திரும்பினார்கள்.

பரணிதரன் கரைக்கு ஓடி வந்தார். “எவன்டா அந்த போர்டைப் பிடுங்கி எங்க வாசல்ல நட்டது?”

சாலமோன் வலையை உதறினான்.

“நான்தான் சார். படிக்கத் தெரிஞ்சவங்க கீற பக்கமா நட்டேன்.”