இரண்டு சைபர்

“நானூறுக்குப் பின்னால ரெண்டு சைபர் சேத்திப் போட்டுக் குடுத்துருங்க, அம்மிணி” என்றார் மாதப்பன்.

நிம்மி பேனாவை மூடி வைத்தாள்.

மைசூர் நாணயக் கண்காட்சியில், பழைய காசுகளுக்கு இலவசமாக மதிப்புச் சீட்டு எழுதித் தரும் மேசை அது. அதே ஊரின் ஹெப்பாள் பகுதியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் நிம்மி, நாணயம் சேர்க்க ஆரம்பித்து எட்டு மாதம்தான் ஆகிறது. இன்றுதான் கண்காட்சி நடத்தும் சங்கத்தார் அவளை நம்பி மேசையில் உட்கார வைத்திருந்தார்கள்.

மாதப்பன் கௌதள்ளி கிராமத்து விவசாயி. அவர் நீட்டிய இரண்டு ரூபாய்க் காசில் சிங்க முத்திரை நடுவில் இல்லாமல் ஓரத்துக்கு நகர்ந்திருந்தது. அச்சடிக்கும்போது நேர்ந்த பிழை. நிம்மி எடை போட்டாள், லென்ஸ் வைத்துப் பார்த்தாள், இதே மாதிரி காசுகள் சமீபத்தில் என்ன விலைக்குப் போயின என்று தேடினாள். கூட்டாமல் குறைக்காமல் நானூறு ரூபாய் என்று எழுதினாள். முதல் சீட்டு. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அதில்தான் இந்த ஆள் சைபர் சேர்க்கச் சொல்கிறார். முடியாது என்றாள். அவர் விடுவதாக இல்லை. ஒரு கையெழுத்துதானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று கெஞ்சினார்.

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“என் கையெழுத்தைக் காட்டி இதை யார் தலையில கட்டப் போறீங்க அண்ணா? நாற்பதாயிரம் கொடுக்கிற ஏமாளி யாரு?”

“நாந்தானுங்க.”

நிம்மி நிமிர்ந்தாள்.

காசு, பக்கத்து நிலத்துக்காரர் செல்லக்கண்ணுவுடையதாம். மகளின் நர்சிங் படிப்புக்கு வெள்ளிக்கிழமைக்குள் நாற்பதாயிரம் கட்ட வேண்டுமாம். மாதப்பன் மஞ்சள் விற்ற பணத்தைக் கொடுக்கப் போனதற்கு, திருப்பித் தர வழியில்லாமல் கை நீட்டி வாங்க மாட்டேன் என்று செல்லக்கண்ணு சொல்லிவிட்டாராம். போனில் எதையோ பார்த்துவிட்டு, இந்தக் காசு பெரிய விலைக்குப் போகும் என்று நம்பி, விற்று வரும்படி மாதப்பனிடமே கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

“சும்மா குடுத்தா வாங்க மாட்டானுங்க. காசு வித்த பணம்னு சீட்டோட குடுத்தா வாங்கிக்குவான்.”

சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். பணம் தயாராக இருந்தது.

இந்த மனிதரையா அப்படிக் கேட்டுவிட்டோம் என்று நிம்மிக்கு வெட்கமாகிவிட்டது. ஆனாலும் சைபர் சேர்க்க மனம் வரவில்லை. சீட்டைக் கிழித்தாள். புதுச் சீட்டு எடுத்து எழுதினாள்.

‘இந்தக் காசை நாற்பதாயிரம் ரூபாய்க்கு வாங்க ஒருவர் தயாராக இருக்கிறார்.’

எழுதியதை ஒரு தடவை படித்துப் பார்த்தாள். ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.