பதினான்கு பேர், ஒரே கையெழுத்து

“பதினாலு பேர் எழுதியிருக்காங்க. பதினாலு பேருக்கும் ஒரே கையெழுத்து. அது எப்படிம்மா?”

தலைநகரிலுள்ள நாட்டுப்புறவியல் காப்பகத்திலிருந்து வந்திருந்த ஆய்வாளர் ரெய்ன், கடிதங்களை மேசைமேல் சீட்டுக்கட்டு போலப் பரப்பினார்.

எதிரே நின்றவள் விர்வே. இருபது வருடமாக இந்தத் தீவுக் கிராமத்துத் தபால் நிலையத்தைத் தனி ஆளாக நடத்துபவள் அவள்.

காப்பகம் மாதாமாதம் ஒரு கேள்வித்தாளும் அஞ்சல்தலை ஒட்டிய உறைகளும் அனுப்பும். ஊரார் தங்களுக்குத் தெரிந்த பழக்கவழக்கங்களை எழுதி அனுப்புவார்கள். அதை வைத்துத்தான் நாட்டின் வரலாற்றையே எழுதுகிறார்களாம். போன மாதத் தலைப்பு, நீராவிக் குளியல்.

“எல்லாம் உங்க கற்பனையா?”

“ஐயையோ, இல்லை சார்! வீடு வீடாப் போய்க் கேட்டு எழுதினேன். எல்லாருக்கும் எண்பது தாண்டியாச்சு. பேனா பிடிச்சா கை நடுங்குது.”

அந்த நேரம் பார்த்து, செய்தித்தாள் வாங்க எண்டெல் பெரியவர் உள்ளே வந்தார். ரெய்ன் அவர் பேரில் வந்த கடிதத்தை எடுத்து வாசித்தார்.

“‘குளியலறையில் பொய் சொன்னால் நீராவி நெஞ்சை அடைக்கும் என்பார் என் தந்தை.’ இது நீங்க சொன்னதா?”

எண்டெல் காதருகே கையைக் குவித்துக் கேட்டார். “நான் சொன்னதுதான். ஆனா நடுவுல மூணு கெட்ட வார்த்தை இருந்துச்சே, எங்க?”

“நாட்டோட வரலாத்துல அதெல்லாம் எதுக்குப் பெரியவரே?” என்றாள் விர்வே.

“அடிப் போடி! அது இல்லாம எங்கப்பா வாயைத் திறந்ததே இல்லை. இப்போ இது யாரோட அப்பனோ!”

ரெய்ன் இரண்டு முறை இருமிக்கொண்டார்.

“சரி, பொய் இல்லை. எழுதினது ஒரே ஆள்தானே? எல்லாத்தையும் ஒரே உறையில போட்டிருக்கலாமே?”

விர்வே தலையைக் குனிந்தாள்.

“சொல்லித் தொலை. கொலையா பண்ணிட்டே?” என்றார் எண்டெல்.

“மாசம் நூறு கடிதமாவது போகலைன்னா இந்தத் தபால் நிலையத்தை மூடிடுவாங்க சார். அடுத்தது நாற்பது கிலோமீட்டர் தள்ளி. பஸ் வாரத்துக்கு ரெண்டு நாள்தான். இவங்களுக்கு மருந்தே தபால்லதான் வருது. போன மாசம் மத்த கடிதம் எண்பத்தெட்டுதான் போச்சு. உங்களுக்கு வந்த பதினாலையும் சேர்த்து எப்படியோ நூத்தி ரெண்டு.”

ரெய்னின் முகம் இறுகியது.

“இது ஆராய்ச்சிம்மா. தபால் நிலையத்தைக் காப்பாத்துறது எங்க வேலை இல்லை. விதின்னு ஒண்ணு இருக்கு. நான் எழுத வேண்டியதை எழுதித்தான் ஆகணும்.”

அவள் வைத்த காபியைத் தொடக்கூட இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார்.

“கல்லு. வேகவே வேகாத கல்லு” என்று சொல்லிக்கொண்டே எண்டெல் அந்தக் காபியைக் குடித்து முடித்தார்.

அடுத்த மாதம் காப்பகத்திலிருந்து வழக்கமான கட்டு வரவில்லை. கனமான பெட்டி ஒன்று வந்தது.

“பழைய கடிதத்தையெல்லாம் திருப்பி அனுப்பிட்டார்” என்றாள் விர்வே. “அவ்வளவுதான். நம்ம கதை முடிஞ்சுது.”

“பிரிச்சுப் பாரு. திட்டியிருந்தா பதில் நான் சொல்றேன். ஒரு வார்த்தைகூட வெட்டாம எழுது.”

பெட்டி நிறைய அஞ்சல்தலை ஒட்டிய வெற்று உறைகள். மேலே ஒரு தாள். விர்வே வாசித்தாள்.

“‘புதிய விதிமுறைகள். ஒன்று: சொன்னவர் பெயரோடு, கேட்டு எழுதியவர் பெயரும் கட்டாயம் இருக்க வேண்டும்.’”

“நியாயம்தான். அப்புறம்?”

“‘இரண்டு: இந்த மாதத் தலைப்பு, ரொட்டி சுடுதல். கேள்விகள் முப்பத்தைந்து.’”

“முப்பத்தஞ்சா! ரொட்டியைப் பத்தி அவ்வளவு கேக்க என்ன இருக்கு?”

விர்வே மூன்றாவதை மனசுக்குள் ஒருமுறை வாசித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, உரக்க வாசித்தாள்.

“‘மூன்று: பதில்கள் ஒன்றோடொன்று கலந்துவிடாதிருக்க, ஒவ்வொருவரும் ஒவ்வொரு கேள்விக்கான பதிலையும் தனித்தனி உறையில் அனுப்ப வேண்டும்.’”