மூடிய தொட்டியிலும் கொசு

திரையில் அந்த வாக்கியம் வந்ததுமே அறையில் சிரிப்பு கிளம்பியது.

‘மூடப்பட்ட நிலையிலுள்ள நீர்த்தொட்டிகளிலும் கொசுக்களின் முட்டையிடல் நிகழ்வு ஓரளவு நிகழக்கூடும் என்று கருதுவதற்கு முகாந்திரம் இல்லாமல் இல்லை.’

பக்கத்து நாற்காலிக்காரி மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன், கொஞ்சம் சத்தமாகவே.

ஆய்வுக் கட்டுரை எழுதச் சொல்லித்தரும் இரண்டு நாள் பயிலரங்கு. முப்பது இளம் ஆய்வாளர்கள். எல்லார் கழுத்திலும் பெயர் அட்டை.

என் ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. அதற்குள் ஏதாவதோர் இதழ் என் கட்டுரையை ஏற்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். இருந்த ஒரே கட்டுரையும் போன வாரம் திரும்பி வந்துவிட்டது.

பாடம் நடத்திய பேராசிரியருக்கு நாங்கள் வைத்த பெயர் கத்தரிக்கோல். அதிகப்படியாக ஒரு சொல்லைக் கண்டால் அவருக்குக் கை அரிக்கும்.

எழுதியவர் பெயரைக் கறுப்புக் கட்டம் போட்டு மறைத்திருந்தார். பெருந்தன்மை! வாக்கியத்துக்குக் கீழே சிவப்பு எழுத்தில் அவருடைய தீர்ப்பு: ‘எழுத்தில் தெளிவில்லை. சிந்தனையிலும் இருக்க வாய்ப்பில்லை.’

யாராவது திருத்துங்கள் என்றார். நான் எழுந்து போய்ப் பலகையில் எழுதினேன்.

‘மூடிய தொட்டியிலும் கொசு முட்டையிடுகிறது.’

கத்தரிக்கோல் கைதட்டினார்.

“பாத்தீங்களா? அத எழுதின ஆளுக்கு இந்தப் பொண்ணோட மூளை இருந்திருந்தா, கட்டுரை எப்பவோ அச்சேறியிருக்கும்!”

தேநீர் இடைவேளையில், திரையில் காட்டிய அந்தப் பக்கம் எனக்கு வேண்டும் என்று அவரிடம் கேட்டேன். புகழ்ச்சிக்கு மயங்காதவர் யார்? நின்ற இடத்திலேயே கைபேசியிலிருந்து மின்னஞ்சலில் அனுப்பிவிட்டார். கூடவே இரண்டு வரி: ‘அருமையான திருத்தம். இப்படி எழுதினால் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பேன்.’

அது திருத்தமே இல்லை. போன வருடம் நான் முதலில் அனுப்பிய கட்டுரையில் அந்த வாக்கியம் அப்படித்தான் இருந்தது.

இதழாசிரியர் அதைப் பெயர் சொல்லாத இரண்டு மதிப்பீட்டாளர்களிடம் ரகசியமாகப் படிக்கக் கொடுத்தார். முதலாமவருக்குப் பிடித்திருந்தது. இரண்டாமவர், ‘மிகவும் நேரடியாக இருக்கிறது. ஆய்வாளருக்கு உரிய தயக்கம் தேவை’ என்று எழுதினார்.

வேலை போய்விடுமோ என்ற பயம். ராத்திரி பகலாக உட்கார்ந்து தயங்கித் தயங்கி மாற்றி எழுதினேன்.

மறுபடி படித்த அதே இரண்டாமவர் நிராகரிக்கச் சொன்னார். காரணம் இரண்டே வாக்கியம். இன்று அவற்றைச் சிவப்பு எழுத்தில் பார்த்தேன். ஒரு புள்ளிகூட மாறவில்லை. கறுப்புக் கட்டத்துக்குள் மறைத்த பெயர் என் கழுத்து அட்டையில் தொங்கியதை அவர் கவனிக்கவே இல்லை.

மணி அடித்தது. எல்லாரும் உள்ளே போனார்கள். நான் தாழ்வாரத்தில் சுவரோடு சாய்ந்து நின்று, அவர் அனுப்பிய மின்னஞ்சலை அப்படியே இதழாசிரியருக்குத் திருப்பிவிட எடுத்தேன். மேலே ஒரு வரி சேர்த்தேன்.

‘ஐயா, ரகசியமாகப் படிக்கத் தந்த என் கட்டுரையை உங்கள் இரண்டாம் மதிப்பீட்டாளர் இன்று முப்பது பேருக்குப் படம் போட்டுக் காட்டினார்.’

அனுப்பும் முன் ஒருமுறை படித்துப் பார்த்தேன். தயக்கம் எங்கேயும் இல்லை.