இடுப்புக்கு ஓர் ஆள்

இடுப்பு வலி உள்ள டெய்லர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் உடற்பயிற்சி செய்தாக வேண்டும். செய்ததாக ஆஸ்பத்திரி கொடுத்த இடுப்பு பெல்ட் சொல்லாவிட்டால் அவர்களுடைய மெஷின் ஓடாது. சட்டம் அப்படி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி அதற்கும் ஓர் ஆள் போட்டது. பன்னிரண்டு பேரின் பெல்ட்டையும் இடுப்பிலிருந்து நெஞ்சுவரை அடுக்கிக் கட்டிக்கொண்டு, பூபதி அவர்களுக்காகக் குனிந்து நிமிர்வான். மெஷின்கள் நிற்காமல் ஓடின.

ஆறு மாதம் கழித்து, டெய்லர் கோகிலாவுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது. ‘உங்கள் இடுப்பு முழுமையாகக் குணமாகிவிட்டது. பெல்ட்டைத் திருப்பித் தரவும்.’

கீழே விழுந்த கத்தரிக்கோலைக் குனிந்து எடுக்க முடியாமல் அவள் அதைப் படித்தாள். நேராகப் பூபதியிடம் போய்த் தன் பெல்ட்டை அவிழ்த்துக் கட்டிக்கொண்டு, மெஷின்களுக்கு நடுவே தரையில் படுத்தாள். மற்ற பதினொரு பேரும் தங்கள் பெல்ட்டை அவிழ்க்க எழுந்து வந்தார்கள். பூபதி கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

சூப்பர்வைசர் ஓடிவந்தார். “கோகிலாக்கா, சாயங்காலம் கன்டெய்னர் போகோணும்! உங்களுக்குத்தான் சரியாப் போச்சுன்னு ரிப்போர்ட்டே வந்துருச்சே!”

கோகிலா பல்லைக் கடித்துக்கொண்டு முழங்காலை நெஞ்சோடு இழுத்தாள்.

“அது பூபதி இடுப்புங்க. என்ற இடுப்புக்கு இன்னிக்குத்தான் முத நாளு. தள்ளி நில்லுங்க, காலு நீட்டோணும்.”