குப்புராஜ் எழுதிய மொய்

"பெருங்களத்தூர் குப்புராஜ், ஒரு லட்சத்து ஆயிரத்து ஒரு ரூபாய்!"

மொய் எழுதுற மேஜையிலிருந்து தினகரன் மைக்கில் கூவியதும், முடிச்சூர் கல்யாண மண்டபமே திரும்பிப் பார்த்தது.

மணப்பெண்ணின் அம்மா காமுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று மேடையில் நின்ற புருஷன் ஏகநாதனிடம் போனாள்.

"கேட்டீங்களா?"

"கேட்டேன். காது நல்லாத்தான் இருக்கு."

"டைல்ஸ் கடை நொடிச்சுப்போய், இப்ப குட்டியானை லோடு வண்டி ஓட்டறாரு. நம்மகிட்ட வாங்கின ஏழு லட்சத்துல இன்னும் ஒரு லட்சம் பாக்கி. அதைக் குடுக்க வக்கில்ல, மைக்ல பந்தா கேக்குதா?"

"மெதுவா பேசு. சம்பந்தி பாக்கறாரு."

"பாக்கட்டும்!"

கீழே வேறொரு கூத்து. இத்தனை நாளாகக் குப்புராஜைக் கண்டாலே போனைக் காதில் வைத்துக்கொண்டு நழுவுகிற சிமென்ட் கடை வேதாசலம், "வாங்க வாங்க!" என்று ஓடிப்போய் நாற்காலி இழுத்துப் போட்டார். அடேயப்பா, என்ன ஒரு பாசம்!

குப்புராஜ் உட்காரவில்லை. நேரே மேடைக்கு வந்து, பொண்ணு மாப்பிள்ளைக்கு அட்சதை போட்டுவிட்டு ஏகநாதனின் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணா, லட்சம் உங்க பாக்கி. ஆயிரத்து ஒண்ணுதான் நான் புள்ளைக்கு வெச்ச மொய். இன்னியோட கடன் சுத்தமா தீந்துது. அஞ்சு வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் ஒரு பந்தியில நிம்மதியா சாப்பிடப் போறேன்."

"போடா, வடை தீந்துடப் போகுது!"

குப்புராஜ் சின்னப் பையன் மாதிரி படியிறங்கி ஓடினார்.

காமுவுக்கு ஒன்றும் புரியவில்லை. "பாக்கியா? பாக்கியை எதுக்கு மொய் நோட்டுல எழுதணும்?"

"நான்தான் எழுதச் சொன்னேன். கடை போனதுலேர்ந்து அவனைக் கடன்காரன்னுதானே ஊரே சொல்லுது. இன்னிக்கு நாலு பேர் எதிர்ல அவன் பேரு கெத்தா கேக்கட்டுமேன்னுதான்."

"ஐயோ, என் வாய்ல ஊசியை வெச்சுத் தைக்க! தெரியாம கண்டபடி பேசிட்டேனே" என்று உதட்டைக் கடித்துக்கொண்டவள், சட்டென்று நிமிர்ந்தாள்.

"ஏங்க! நோட்டுல மொத்தமும் மொய்னுல்ல ஏறியிருக்கு? மொய்னா திருப்பி வைக்கணுமே! வர்ற தை மாசம் அவர் பொண்ணு தேவதர்ஷினிக்குக் கல்யாணமாச்சே!"

ஏகநாதன் விழுந்து விழுந்து சிரித்தார்.

"சத்தம் போடாதடி, அவனுக்கு இன்னும் உறைக்கல. பாக்கியைத் தர வேணாம்டான்னு சொன்னதுக்கு என்கூட ரெண்டு மாசம் பேசாம இருந்தவன். தை மாசம் நான் வைக்கிற மொய்யை வேணாம்னு சொல்லட்டும், பாக்கறேன்!"